வராத ஆளின் பக்கம்

எங்கள் அலுவலகச் சாப்பாட்டறையில் யாரைப் பற்றியாவது குறை கதைக்க வேண்டுமென்றால், எங்களோடு வேலை செய்யும் ஓர் அக்கா அங்கே இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்ப்போம். இருந்தால் வாயை மூடிக்கொண்டு புட்டைச் சாப்பிட வேண்டியதுதான். குறை கதைக்காதே என்று அவர் தடுக்கமாட்டார். தடுத்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடி ஓரமாக வைப்பார், கையைத் துடைப்பார், பிறகு தொடங்குவார்.

"அவர் இஞ்ச இல்லைத்தானே. அப்ப அவருக்காக நான் கதைக்கன்."

ஐந்து நிமிடம் போதும். நாங்கள் திட்ட வந்த ஆள் நல்லவராகிவிடுவார். எங்களுக்கு வெட்கமாகிவிடும். புட்டும் ஆறிவிடும்.

முதல் தடவை மாட்டியது நான்தான். எங்கள் சுப்பவைசர் தீபாவளிக்கு எனக்கு லீவு தரவில்லை. "உந்த மனிசனுக்கு இரக்கம் எண்டு ஏதும் இருக்கோ அக்கா?" என்று கொதித்தேன். அவர் கையைத் துடைத்தார்.

"முதல்ல அவரைக் கதைக்க விடுவம். லீவுப் பாரத்தில நீ என்ன எழுதினாய்? 'சொந்த அலுவல்' எண்டு. அண்டைக்கு நம்மட ஆக்கள் ஏழு பேர் 'சொந்த அலுவல்' எண்டு எழுதியிருக்காங்க. தீபாவளி எண்டால் என்னெண்டு அந்த மனிசனுக்குத் தெரியாது. ஒரே நாளில ஏழு பேருக்குச் சொந்த அலுவல் வந்தால் நீ என்ன நினைப்பாய் புள்ள? எல்லாரும் சேர்ந்து வேற கம்பனிக்கு இன்டர்வியூ போறாங்க எண்டுதானே நினைப்பாய்?"

அடுத்த நாள் நான் சுப்பவைசரிடம் போய் விளக்கைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் கால் மணி நேரம் சொன்னேன். லீவு கிடைத்தது. அதற்காக அக்கா மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. சண்டை பிடிக்க ஆசையாக இருந்தேன்.

அவர் மட்டக்களப்பு. நான் எட்டு வயதில் ரொறன்ரோவுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் அக்கா. நான் அவருக்குப் புள்ள. ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவில் "மறுகா" என்று ஒன்று போடுவார். பிறகு என்று அர்த்தம். மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற்றில் அவரும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும் இருந்தார்கள். நான் இரண்டு தெரு தள்ளி, அம்மாவோடு. அப்போது என்னிடம் கார் இல்லை. அவருடைய பழைய காரில்தான் நான்கு மாதம் தினமும் மிசிசாகாவுக்குப் போய் வந்தேன். பெற்றோலுக்கு ஏதாவது தருகிறேன் என்றால், "நீ இல்லாட்டி இந்த நாலு பூச்சியம் ஒண்டு ஹைவேயில நான் ஆரோட கதைக்கிற?" என்பார்.

எங்கள் வேலை, அமெரிக்கக் கம்பனிகளின் ஒப்பந்தங்களை வாசித்து, எது எப்போது முடிகிறது, யார் எதற்குப் பொறுப்பு என்று கணினியில் குறித்து வைப்பது. பதினொரு பேரும் தற்காலிக ஆட்கள். தலைக்கு மேலே பத்து நிமிடத்துக்கு ஒருதரம் விமானம் இறங்கும். ஒக்டோபரில் மேலிடத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாம் வருடத்தில் படிக்கிற அடிப்படைப் பாடங்கள் ஆறையும் கம்பனியே எங்களுக்குப் படிப்பிக்கும். ஒப்பந்தம், தீங்கு, சொத்து, குற்றம், வழக்கு நடைமுறை, அரசியலமைப்பு. மார்ச்சில் சோதனை. பாஸ் பண்ணினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு வீட்டுக்கு.

"நிரந்தரம் எண்டால் பல்லு வைத்தியத்துக்குக் காப்புறுதி வரும்" என்றார் அவர். "மகளுக்குப் பல்லுக் கம்பி கட்டவேணும். இப்பவே ஒரு பல்லு மற்றதுக்கு மேல ஏறி நிக்குது." அவருக்கு அந்தச் சோதனை அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

அலுவலகத்திலேயே கிழமைக்கு மூன்று வகுப்பு, திரையில். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பேராசிரியை படிப்பித்தார். எதைக் கேட்டாலும் "எந்த மாநிலத்தில்?" என்று திருப்பிக் கேட்பார். எனக்கு அது கண்டறியாத சட்டமாகப் பட்டது. ஐம்பது மாநிலத்திலும் ஐம்பது விதமாம். அக்காவுக்கோ திருவிழாவுக்குப் போன சந்தோசம்.

அவர் படித்த விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒவ்வொரு வழக்கையும் வாசிக்க முன்பு கடைசிப் பக்கத்துக்குப் போய் யார் தோற்றது என்று பார்ப்பார். பிறகு கொப்பியில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் தோற்றவருக்கு, வலது பக்கம் வென்றவருக்கு. இடது பக்கம் அடிவரைக்கும் நிரம்பாமல் வலது பக்கத்தில் ஓர் எழுத்து எழுத மாட்டார். சில வழக்குகளில் தோற்றவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. வெறிபிடித்த ஆள், பக்கத்து வீட்டு நாயை வேண்டுமென்றே காரால் அடித்திருப்பான். அவனுக்கும் அவர் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்து யோசித்து எழுதுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வழக்கு நடைமுறைப் பாடம் தொடங்கிய அன்று கதிரையை விட்டு எழும்பியே விட்டார். மற்றக் கட்சிக்கு முறைப்படி அறிவிக்காமல், அவர் வந்து தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்காமல் தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்று பேராசிரியை சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் சாப்பாட்டறையில் சொன்னதை அமெரிக்காவும் சொல்லிப்போட்டுது பார் என்கிற பார்வை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். மட்டக்களப்பு, அந்தக் காலம், யாரையோ விசாரிக்காமல் கொண்டுபோயிருப்பார்கள், அதனால்தான் இப்படி என்று. ஒருநாள் காரில் மெல்லக் கேட்டும் விட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கார் கொஞ்சம் ஆடியது.

"ஐயோ புள்ள, படத்துக்குக் கதை எழுதுறியா? நடந்தது நடந்ததுதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு வெல்ல ஆசை. சின்னனில இருந்தே. மற்ற ஆள் என்ன சொல்லும் எண்டு தெரியாமல் போனால் தோத்துப்போவம். மறுகா, அதைத் தேடித் தேடிப் பழகினால் சில நேரம் மற்ற ஆள்தான் சரி எண்டு வந்திரும். அதுதான் கரைச்சல்."

அவருடைய மகளுக்கும் அதே கரைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பிள்ளை கண் சிவந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இவளுடைய படத்தைக் கிழித்துவிட்டாள், இவள் அவளைத் தள்ளிவிட்டாள். இவர் மகளை முன்னால் நிறுத்தி, "அந்தப் பிள்ளை இஞ்ச இல்லை. அவ என்ன சொல்லுவா எண்டு முதல்ல சொல்லு" என்றார்.

"அம்மா, நான் ஜஸ்ட் முதல்ல கோவப்படலாமா? ப்ளீஸ்?" என்றாள் குழந்தை.

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. "விடுங்கோ அக்கா, பாவம். எந்த நேரமும் மற்றவைக்காகவே கதைச்சுக்கொண்டு. உங்களுக்கெண்டு ஒரு பக்கமும் இல்லையோ?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"இருக்கு" என்றார். "அது கடைசியில."

டிசம்பர் கடைசியில் நான் கார் வாங்கினேன். ஜனவரி முதல் சனிக்கிழமை கார்ப் பூசை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டறையில் எல்லோருக்கும் சொக்கிளேற் கொடுத்து அதைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கோயில் இருந்தது. அன்று குளிர் மைனஸ் பதினெட்டு. ஐயர் மந்திரம் சொல்லி, சந்தனம் பூசி, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். தேங்காய் உடைக்க வாசலில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. "தேங்காயைப் பெட்டிக்குள் மட்டும் உடைக்கவும்" என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கும். பெட்டியடியில் ஒரே சனம். எனக்குப் பின்னால் இன்னும் ஐந்து கார் காத்துக்கொண்டு நின்றது.

"காருக்கு முன்னால உடைச்சால்தான் பிள்ளை பலன். பெட்டிக்குள்ள போட்டு என்னத்துக்கு?" என்றார் அம்மா.

உடைத்தேன். நடைபாதை விளிம்பில், ஒரே அடியில் சரிபாதியாக. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாருடைய காலையும் கிழித்துவிடும் என்று கையுறையைக் கழற்றி, குந்தியிருந்து, சிரட்டைத் துண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். விரல் விறைத்துப் போனது. தண்ணீர் ஓடிப் பரவிக் கிடந்தது. தண்ணிதானே என்று விட்டுவிட்டேன். தேசிக்காயை நசித்துக்கொண்டு கார் புறப்பட்டது.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. "புள்ள, திங்கக்கிழமை உன்ர புதுக் காரில என்னை ஏத்திட்டுப் போறியா? கோயிலடியில வழுக்கி விழுந்திட்டன். வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஆரோ தேங்காய் உடைச்ச தண்ணி, ஐஸாகிக் கிடந்திருக்கு. விழுந்து கிடக்கேக்க பாத்தன், ஐஸுக்குள்ள தும்பு தெரியுது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. "ஐயோ அக்கா, எத்தனை மணிக்கு வர?" என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமைகளில் பத்துக் காருக்காவது பூசை நடக்கும், அது என் தேங்காய்தான் என்று யார் சொன்னது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. நடைபாதையில் உடைத்த விசரி நான் ஒருத்திதான்.

அதன்பின் ஐந்து கிழமை, காலையில் ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நான். கட்டுப்போட்ட கையோடு, தடித்த குளிர்ச்சட்டையோடு அவரால் சீற் பெல்ட்டை இழுத்து மாட்ட முடியாது. ஏறி உட்கார்ந்ததும் கையை மேலே தூக்குவார். நான் குறுக்கே சாய்ந்து பெல்ட்டைப் போட்டுவிடுவேன். சிறு பிள்ளைக்குப் போடுவதைப் போல. எந்தக் காருக்காகத் தேங்காய் உடைத்தேனோ அதே காரில். கண்ணாடியில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை பெல்ட் 'டிக்' என்று பூட்டும்போதும் இப்போது சொல் என்று மனம் சொல்லும். வாய் வராது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சோதனை மூன்று மணி நேரம், எல்லாம் தட்டச்சு. அவர் இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டப் பழகிக்கொண்டிருந்தார். அவர் பெயிலானால் வேலையை நான்தான் பறித்தேன். பிள்ளையின் பல்லையும் நான்தான் கோணவைத்தேன். இதை எப்படிச் சொல்வது?

அவரோ விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நோகுதா அக்கா என்றால் "அது பாத்துக்கும்" என்பார். பிறகு பாடத்துக்குப் போய்விடுவார்.

பெப்ரவரி நடுவில் தீங்குச் சட்டத்துக்கு ஒரு பயிற்சி வந்தது. உங்கள் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒரு விபத்தைக் கொண்டுவாருங்கள், இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டும் என்றார் பேராசிரியை. அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "நீ என்ர பக்கம் கதை. தேங்காய் உடைச்ச ஆள் இஞ்ச இல்லைத்தானே, நான் அவருக்காகக் கதைக்கன்" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

முதலில் பேராசிரியைக்குத் தேங்காயை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. "வேண்டுமென்றே உடைப்பீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "உள்ளே தண்ணீர் இருக்குமென்று தெரிந்தே?" ஆம். "மைனஸ் பதினெட்டில்?" ஆம். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "நல்லது. தொடருங்கள்" என்றார்.

நான் எழும்பினேன். தீங்கு வழக்கில் நான்கு விடயத்தைக் காட்ட வேண்டும். கவனமாக நடக்கும் கடமை ஒருவருக்கு இருந்தது, அதை மீறினார், மீறியதால்தான் காயம் வந்தது, காயம் உண்மையானது. எனக்கு எல்லாம் நுனிநாக்கில் இருந்தது. பெட்டி இருந்தது. பெட்டிக்கு மேலே அறிவித்தல் இருந்தது, இரண்டு மொழியில். இருந்தும் அந்த ஆள் சனம் நடக்கும் இடத்தில் உடைத்தார். குளிர் நாட்டில் தண்ணீர் உறையும் என்று குழந்தைக்கும் தெரியும். ஒரு பிடி உப்புப் போட்டிருக்கலாம். ஒருவரிடம் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை நானே நார்நாராகக் கிழித்தேன். சொல்லச் சொல்ல ஒரு வகையான ஆறுதல் கூட இருந்தது. எல்லோரும் என் பக்கம் தலையாட்டினார்கள்.

அவர் எழும்பினார். கட்டுக் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, கொப்பியைப் பார்க்காமல் பேசினார். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் அவருடைய ஆங்கிலத்திலும் அந்த "மறுகா" கேட்டது.

"நான் முகம் குப்புற விழுந்தேன். கன்னம் நிலத்தில் இருந்தது. எழும்ப முடியாமல் நெடுநேரம் அந்த நிலத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஐஸ் இருந்தது, அதற்குள் தும்பு இருந்தது. சிரட்டை ஒரு துண்டும் இல்லை. ஒரு பொடித் துண்டுகூட இல்லை. தேங்காய் உடைத்தால் சிதறும், எங்களில் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் யாரோ ஒருவர் அந்தக் குளிரில் குந்தியிருந்து அவ்வளவையும் பொறுக்கியிருக்கிறார். கையுறையோடு பொறுக்க முடியாது. கழற்றித்தான் பொறுக்கியிருப்பார். பின்னால் வருகிற, முன்பின் தெரியாத ஒரு காலுக்காக விரல் விறைக்கப் பொறுக்கிய ஒருவரை, கவனமில்லாதவர் என்று சொல்லவேண்டுமா?"

என் விரல்களை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் அம்மாகூட என்னை இவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை.

"அவர் தண்ணீரை மறந்தார். ஏன் மறந்தார்? தேங்காய் உடைக்கப் பழகிய இடத்தில் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே காணாமல் போய்விடும். அதைத் துடைக்க யாரும் யாருக்கும் பழக்கவில்லை. மறுகா, என்னையும் பாருங்கள். என் சப்பாத்தின் அடி தேய்ந்து மழுமழு என்று இருந்தது. உப்புப் போட்ட பாதையால் வராமல் குறுக்கே வந்தேன். ஒரு சில மாநிலங்களில் என் பக்கம் சிறு பிழை இருந்தாலே எனக்கு ஒன்றும் கிடைக்காது. இந்த வழக்கை அந்த மாநிலத்தில் வையுங்கள் என்று கேட்கிறேன்."

பேராசிரியை வகுப்பையே ஜூரியாக்கி, கையை உயர்த்தச் சொன்னார். ஒன்பது பேரும் தேங்காய் உடைத்தவர் பக்கம் உயர்த்தினார்கள். முறிந்த கையோடு நின்று, முறித்தவளை அவர் வெல்ல வைத்துவிட்டார். நான் அழுதேன். தோற்றதற்கு அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் ரிசுக் கடதாசி தந்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மெல்லிய பனி. வழமையான வாகன நெரிசல். விமான நிலையத்தைத் தாண்டும் மட்டும் பொறுத்திருந்தேன்.

"அக்கா, அந்த ஆள் நான்தான்."

அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சொக்கிளேற் தந்து கார்ப் பூசை எண்டு சொன்னாய். உன்ர பூசையைப் பாக்கத்தான் நானும் வெளிக்கிட்டு வந்த. வந்து சேர நீ போயிற்றாய்." கொஞ்சம் பொறுத்து, "ஊகம் வந்ததுதான். ஊகம் சாட்சி இல்லை புள்ள" என்றார்.

என்னைப் பார்க்க வந்தாராம். "அப்ப ஏன் கேக்கேல்லை அக்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தால் பயத்தில நீ இல்லையெண்டு சொல்லியிருப்பாய். மறுகா அந்தப் பொய்யையும் சேத்து நீ சுமக்கவேணும். ஆள் தானா வந்து நிக்கட்டும் எண்டு விட்டன்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அஞ்சு கிழமையா வராத ஆளுக்காக நான் கதைச்சன். இப்ப ஆள் வந்திட்டாய். இனி உனக்காக நீயே கதை."

நான் கதைத்தேன். அம்மா சொன்னவ என்றேன். பெட்டியடியில் சனம் என்றேன். தண்ணிதானே என்று நினைத்தேன் என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எனக்காகச் சொல்லக்கூடிய நல்லது எல்லாவற்றையும் அவர் மத்தியானமே சொல்லி முடித்திருந்தார், என்னைவிட நன்றாக.

"முடிஞ்சுதா?"

"ஓம் அக்கா."

"சரி. இனி என்ர பக்கம்."

தொடங்கினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் தன் காதுக்குக் கேட்டது என்றார். விழுந்து கும்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் சுற்றிக்கொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரியில் பின்னேரம் வரைக்கும் கதிரையில் இருந்தாராம், பிள்ளை மடியில் நித்திரையாம். எட்டு வயதுப் பிள்ளை தாய்க்குத் தலை இழுத்துக் கட்டப் பழகியிருக்கிறாள். கோணல் மாணலாகக் கட்டிவிட்டு, "சொறி அம்மா" என்பாளாம். "என்ர பிள்ளை என்னட்டச் சொறி கேக்குது! அவள் என்ன செஞ்சவள்?" என்று அந்தக் காருக்குள் கத்தினார். சட்டைக் கொளுவி மாட்ட வீட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்ததாம். அந்த வெட்கம் உனக்கு விளங்குமா என்று கேட்டார். ஒரு போத்தல் மூடி திறக்க முடியாமல் போத்தலைச் சுவரில் எறிந்தாராம். குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, முகம் தெரியாத ஆளைத் திட்டுத் திட்டென்று திட்டுவாராம். "உன்னைத்தான். உன்ர கை முறியவேணும் எண்டு கேட்டன். சாமியிட்ட கேட்டன். வெளிய வந்து, இடது கையால கொப்பியை எடுத்து உனக்காக எழுதினன்."

யங் வீதி போனது, டொன் வாலி போனது, விக்ரோரியா பார்க் போனது. அவர் நிறுத்தவில்லை. இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டா இந்த மனிசி ஐந்து கிழமை என் பக்கத்தில் இருந்து ஒப்பந்தச் சட்டம் கதைத்தது? கோபம் வராத மனிசி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் கூடக் கோபம் வந்திருக்கிறது. வந்த கோபத்தை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார், கடைசியில். எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன்.

"அக்கா, நீங்க என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி" என்றேன்.

இடது கையால் முகத்தைத் துடைத்தார். "வழக்குக்காரியே தீர்ப்புச் சொல்லுறதோ? எந்த மாநிலத்தில அப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்து, உப்புப் போட்ட பக்கமாகப் பார்த்துக் காலை வைத்து இறங்கினார்.

அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றுவரைக்கும் வரவில்லை. மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் கை விறைப்பாகவே இருந்ததால், சோதனையில் கூடுதல் நேரம் கேட்டுக் கம்பனிக்குக் கடிதம் எழுதினார். முதல் பக்கம் முழுக்க, ஏன் தரக்கூடாது என்று கம்பனியின் பக்கம். இரண்டாம் பக்கத்தில் தன் பக்கம். நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். என்னைவிடப் பன்னிரண்டு மார்க் கூட எடுத்தார், பாதிக்கு மேல் இடது கையால். பிள்ளை அந்தக் கோடையிலேயே பல்லுக் கம்பியோடு சிரித்தாள். இரண்டு வருடத்தில் கம்பனி அவரை எல்லைக்கு அந்தப் பக்க அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டது. இப்போது சாப்பாட்டறையில் நாங்கள் யாரையும் தாராளமாகக் குறை கதைக்கலாம். முன்பைப் போல ருசிக்கவில்லை.

ஆனால் அந்தப் பனி பெய்த நாளுக்கு அடுத்த காலையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. வரமாட்டார், வேறு யாருடனாவது போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழக்கத்தில் ஏழு மணிக்குப் போய் வாசலில் நின்றேன். எஞ்சினை நிறுத்தக்கூட மனமில்லாமல், கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அந்தப் பேஸ்மென்ற் கதவையே பார்த்தேன்.

கதவு திறந்தது. கோணலாகக் கட்டிய தலையோடு வந்தார். ஏறி உட்கார்ந்தார். காலை வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடி, நான் பெல்ட்டைப் போடுவதற்காகக் கையை மேலே தூக்கினார்.